கச்சானுக்குப் பூட்டிய குடா

ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால் விடமாட்டார்கள். கிழமை முழுக்கக் ஒஃபீஸ்களைக் கூட்டித் துடைத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பியர்ஃபித்திலிருந்து பாரிசின் லா சப்பல் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தேன். மாக்சிம் கூப்பிட்டிருந்தான். நல்ல செய்தியாம்.

மாக்சிம் பாண்டிச்சேரிப் பிள்ளை, கடல் விஞ்ஞானி. திருகோணமலைப் பக்கம் எங்கள் குடாவில் கடற்புல் அழிகிறது, மீன் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை, வருடத்தில் இரண்டு மாதம் குடாவைப் பூட்ட வேண்டும் என்று அறிக்கை எழுதிய குழுவில் அவனும் ஒருவன். எந்த இரண்டு மாதம் என்பதைக் கரைச்சனமே சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவனும் அவன்தான். சண்டை முடிந்த புதிது. நேவிக்காரன் பக்கத்தில் நிற்க அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் போன வருடம் இங்கே ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்னறையில், அந்தக் கரையிலிருந்து வந்த எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டான்.

நான் ஊரில் கடலுக்குப் போகிற தம்பி அம்புறோசுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே மாக்சிமிடம் சொன்னேன். "கச்சான் காலத்திலை பூட்டட்டும். எங்களுக்குக் கரைச்சல் இல்லை."

கச்சான் என்றால் எங்களுக்கு வைகாசியில் தொடங்கி மேற்கேயிருந்து அடிக்கிற சூட்டுக் காற்று. அந்த நாட்களில் வெளிக்கடல் அடங்கிக் கிடக்கும், குடாவை விட்டாலும் பிழைக்கலாம். கார்த்திகையிலிருந்து மாசி வரை அடிக்கிற மழைக்காலத்து வாடைக் காற்றுக்கு வெளிக்கடல் சின்னப் படகுகளை அண்டவிடாது. அப்போது குடாதான் சோறு போடும்.

இன்றைக்கு மாக்சிம் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து, பிரெஞ்சில் பெயர்த்த கடதாசியை நீட்டினான். "அக்கா, நீங்க சொன்னதை அங்க கவர்மெண்டுல அப்படியே ஏத்துக்கிட்டாங்க. உத்தரவே வந்துருச்சு."

இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் வாசித்தேன். ஜான்வியே, ஃபெவ்ரியே.

"இதென்ன தம்பி, தையும் மாசியும் எண்டு கிடக்குது?"

"கச்சான் சீசன்தானேக்கா? அங்க கடலை புடுங்குற மாசம். விசாரிச்சுத்தான் போட்டேன்."

எனக்கு விளங்கிவிட்டது. எங்களுக்குக் காற்றும் கச்சான்தான், வேர்க்கடலையும் கச்சான்தான். அவன் லா சப்பல் கடைகளில் வறுத்த கடலைப் பைகளைப் பார்த்து அந்தச் சொல்லைப் படித்தவன். எங்கள் பாஷை தனக்குத் தெரியும் என்ற சந்தோசத்தில் திருப்பிக் கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்ததும் முகம் வெளிறிப்போய்க் கதிரையில் இருந்துவிட்டான்.

"மாத்தேலாதோ?"

"மூணு வருஷம் கழிச்சுத்தான் திரும்பப் பாப்பாங்க. சனங்களே கேட்டதுன்னு போட்டிருந்ததாலதான் இவ்வளவு சீக்கிரம் கையெழுத்தாச்சு." அவன் கண் கலங்கியிருந்தது.

நாலு வார்த்தை கிழிக்கலாம் என்றுதான் எழும்பினேன். பிறகு அலுத்துப்போய்விட்டது. நல்லது செய்ய வந்தவனை எதைச் சொல்லித் திட்டுவது? அம்புறோசுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அக்கா, அறிவிச்சுப்போட்டாங்கள். ஆரோ அங்கை மாத்தி எழுதியிருக்கிறாங்கள். நீங்கள் அந்தத் தம்பியைப் பிடிச்சால் சரிவரும்."

"அவன்தான் எழுதினவன், அம்புறோஸ். கச்சானைக் கடலை எண்டு விளங்கிப்போட்டான். இனி மூண்டு வருசத்துக்கு ஒண்டும் செய்யேலாதாம்."



"அப்ப தையிலை பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

மேசையில் கிடந்த கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"பாரிசிலை இருக்கிற உன்ரை தமக்கைதான் பூட்டச் சொன்னவ எண்டு நேற்றுக் கரையிலை ஒருத்தன் சொன்னவன், அக்கா. பொய் சொல்லுறாய் எண்டு அவனுக்கு அடிச்சுப்போட்டன்."