மெழுகு பூசிய கை

"அப்படியே தூக்காதீங்க, வளைஞ்சிடும்," என்றாள் அக்கா. ஃபைபர் வார்க்கும் அச்சின் நான்கு மூலைகளையும் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

விடியற்காலையில் தம்பி தூக்கத்திலேயே போய்விட்டான். உடல் முன்னறையில் கிடந்தது. எடுத்துப்போகும் வண்டி உள்ளே வர வேண்டுமானால், இரட்டைக் கட்டில் அகலத்துக்கு வாசலை மறித்துக் கிடந்த இந்த அச்சு நகர வேண்டும். முந்தின நாள்தான் அவன் அதற்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் பிசினைத் தடவி, வெயிலில் இறுகட்டும் என்று வெளியே போட்டிருந்தான்.

அதற்குள் உருவாவது பல் டாக்டருடைய பழைய காருக்கான ஃபைபர் பானட், என்ஜினை மூடும் முன்மூடி. மனிதர் ஆசைப்பட்டுப் பெரிய என்ஜின் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பழைய தகர பானட் மூட மறுத்தது. அதனால் நடுவில் திமில்போல எழும்பிய புது பானட். பார்த்துச் செய்ய மாதிரி கிடையாது. தம்பி களிமண்ணைக் கையால் வழித்து வழித்து அந்தத் திமிலுக்கு உருவம் கொடுத்து, அதன்மேல் அச்சு எடுத்திருந்தான்.

அவன் கை நடுங்குகிறது என்று தெருவில் பேச்சு இருந்தது. கிளப்பியவன் அவன் மனைவியின் அண்ணன், தெருக்கோடியில் பெயின்ட் பட்டறை வைத்திருப்பவன். டாக்டரும் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க வீட்டுலேர்ந்து கெட்ட வேலை வெளிய போனதில்ல டாக்டர்," என்று சொன்னாள் அக்கா. உட்காரச் சொல்லவில்லை.

இப்போது இருவருமே வாசலில் நின்றார்கள். பெயின்டரின் கண்கள் அழுது சிவந்திருந்தன.

"பானட்டை அச்சிலேர்ந்து பிரிச்சிட்டா தூக்க லேசுக்கா," என்றான் அவன். "இல்ல, இப்ப வேணாம், அப்புறம் உள்ள வச்சுப் பாத்துக்கறோம்னாலும் சரி."

உள்ளே வைத்து, அப்புறம் என்றால், எதையோ மறைத்ததாகத் தெரு பேசும். அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். பாதிப் பேர் தொழில்காரர்கள்.

"இங்கயே பிரிங்க," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்."

பெயின்டர் விளிம்பில் மர ஆப்பை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினான். "பல்லு மாதிரிதான் டாக்டர், ஆட்டி ஆட்டி எடுக்கணும்," என்றான் தாழ்ந்த குரலில்.

"நாங்க மரத்துப்போக ஊசியாவது போடுவோமேப்பா," என்றார் டாக்டர். அக்கா திரும்பிப் பார்த்ததும் இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள்.

வலது பக்கம் பொரிவதுபோலச் சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. முன்பக்கமும் கழன்றது. இடது மூலையில் ஆப்பு இறங்கியது; சத்தம் வரவில்லை. அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பாய் விரிக்கும் முன் அச்சு முழுக்க மெழுகு பூசித் துடைக்க வேண்டும். மெழுகு படாத இடத்தில் ரெசின் அச்சோடு ஒன்றாகிவிடும். வீட்டை ஒட்டிய அவர்களுடைய ஃபைபர் பட்டறையில் மெழுகு அக்காவின் வேலை. வேறு கை அதில் படாது. நேற்று மட்டும் அவளும் தம்பி மனைவியும் அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது, "மெழுகு நானே போட்டுட்டேன்க்கா," என்றான். மேலே பாய் விரித்தாகிவிட்டது. எல்லா இடத்துக்கும் போட்டாயா என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அவன் கையைப் பற்றிக் கேட்டதாகிவிடும்.

"இன்னும் ஒரு தட்டு," என்றான் பெயின்டர். பானட் கிழிந்து வந்தது. மூலை மட்டும் வெள்ளை வெள்ளையாக நார் தெறித்து அச்சிலேயே நின்றுவிட்டது.

பெயின்டர் குனிந்து விரலால் சுரண்டினான்.

"மெழுகே இல்ல இங்க. யாரு போட்டது?"

எல்லாருடைய பார்வையும் முன்னறைக் கதவுப் பக்கம் போனது.

"நான்," என்றாள் அக்கா.

"நீங்களா?"

"இந்தப் பட்டறையில வேற யாரு போடுவா? அந்த மூலைய விட்டுட்டேன்."

"நேத்து காலையில நீங்க ஆஸ்பத்திரியில இல்ல இருந்தீங்க? நான் வந்தேனே, அவன் மட்டும்தானே இருந்தான்."

அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடியே அக்கா போட்டுட்டாங்கண்ணே." தம்பி மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். நாத்தனாரோடு அவள் ஒத்துப்பேசி அந்தத் தெரு பார்த்ததில்லை. "நான்தான் நேரமாச்சு நேரமாச்சுன்னு அவங்கள விரட்டினேன்."

பெயின்டர் தங்கையைப் பார்த்தான். பிறகு பானட்டைத் திருப்பிப்போட்டு, திமிலின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினான். இன்னொரு முறையும் தடவினான்.

"ஊசி முனை ஓட்டைகூட இல்ல," என்றான். "அவன் வேலை சுத்தம்."

"பாவம், அக்காவுக்கும் வயசாகுதில்ல," என்றது பின்னால் ஒரு குரல். அக்கா நிமிர்ந்தே நின்றாள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அச்சை மதிலோரம் சாய்த்தார்கள். வண்டி உள்ளே வந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. டாக்டர் கேட்டருகில் காத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கணும். கிழிஞ்ச மூலைய நம்ம பெயின்டரே கட்டிடறேங்கறார். இதுக்கப்புறம்... வர்ற வேலையும் அவர்கிட்டயே..."

அந்த வீட்டிலிருந்து முடிக்காத வேலை வெளியே போனதில்லை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்தாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள். "திமில்மேல மட்டும் யாரும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க."

பானட்டை ஆட்கள் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருக்கோடியில் திரும்பும்வரை அவள் கேட்டருகிலேயே நின்றாள். பின்னால் தம்பி மனைவி வந்து நின்றாள்.

"அச்சை உள்ள வைக்க ஆளக் கூப்பிடவா?"

"வேணாம். நீ அந்தப் பக்கம் பிடி."

பட்டறைக் கதவு குறுகல். அச்சைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது.

"கனமா இருக்குக்கா."

"காலி அச்சுதான். மெதுவா வா."

முன்பக்கம் பிடித்திருந்த தம்பி மனைவி, பின்பக்கமாக ஓரோர் அடியாக எடுத்துவைத்து, குதிகாலால் வாசற்படியைத் தேடினாள்.