அரைச் சுற்று

அந்தப் பிட்டருக்குத் தொழிற்சாலையில் ‘தெர்மாமீட்டர்’ என்று பட்டப்பெயர். எண்ணெய்த் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து எண்ணுவார். பத்து வரை எண்ண முடிந்தால் மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்திலேயே கை விலகினால் எண்ணெயை ஆற்றும் கூலரைப் பார்க்க வேண்டும். இரண்டுக்குள் சுட்டால் நிறுத்திவிட வேண்டும். தொட்டியில் நிஜமான தெர்மாமீட்டர் ஒன்றும் இருந்தது. கண்ணாடி மங்கி, முள் எங்கே நிற்கிறதென்று அதற்கே தெரியாது. அதனால் எல்லாரும் இவரைத்தான் நம்பினார்கள். இவரும் தம்மையே நம்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மெஷின் என்பது பழைய தகரத்தை நசுக்கிக் கட்டாக்கும் ஹைட்ராலிக் பிரஸ். அதை ஓட்டியவன் அவருடைய தங்கையின் புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவரே. எட்டு வருஷம் ஓட்டினான். அதிகம் பேசாதவன், லிவரை இழுக்கும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்பதுபோல் இழுப்பான்.

ஒரு கோடையில் எண்ணெய் கொதிக்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் தொட்டியில் கை வைக்க முடியவில்லை. எண்ணெய் தண்ணீராக இளகி, பிரஸ் நோயாளியைப்போல் தகரத்தைத் தடவிக்கொடுத்தது. கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் பொரிந்துபோய் எங்கும் ஒழுகின. பிட்டர் எண்ணெயை மாற்றினார், பில்டரை மாற்றினார், இரண்டு மின்விசிறிகளைக் கொண்டுவந்து தொட்டியின் முன்னால் நிறுத்தினார், ஈரச் சாக்கைப் போர்த்தினார். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் துணி போட்ட கதைதான். காய்ச்சல் எதனால் என்று யாரும் பார்க்கவில்லை.

மேனேஜர் காரணத்தை எழுத்தில் கேட்டார். ‘தெரியவில்லை’ என்று எழுத பிட்டருக்குக் கை வரவில்லை. இருபது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் எழுதியதே இல்லை. இரண்டு நாள் கூலரில் தூசி படிந்திருந்ததைப் பார்த்திருந்தார். ஆகவே, ‘ஆபரேட்டர் கூலரைத் தினமும் துடைக்கவில்லை, சூட்டுக்கு அதுவே காரணம்’ என்று எழுதிக் கொடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னாள். இந்த மனுஷன் தங்கையின் புருஷனைச் சொன்னார். கூப்பிட்டுக் கண்டிப்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

அடுத்த வாரமே சூட்டில் இளகிய எண்ணெய் ஹோஸ் வெடித்து, பிரஸ் நான்கு நாள் நின்றது. மேனேஜர் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தங்கை அண்ணனிடம் சண்டைக்கு வரவில்லை. அண்ணன் சும்மா எழுதுவாரா, நீங்கதான் கவனமா இருந்திருக்கணும் என்று புருஷனைத்தான் சொன்னாளாம். அதைக் கேட்டபோது பிட்டருக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிறகு குளிர்காலம் வந்தது, எண்ணெயும் அடங்கியது. பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது என்றார்கள். உறுத்தலும் போய்விட்டது.

மறு கோடையில் மறுபடியும் கொதித்தது. புதிய ஆபரேட்டர் கூலரைக் காலையிலும் மாலையிலும் கண்ணாடிபோல் துடைப்பவன். அப்படியும் கொதித்தது.

ஒரு பிற்பகல், கீழே விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்த பிட்டர், எழும்போது பிடிமானத்துக்கு ஒரு சின்னக் குழாயைப் பிடித்தார். உள்ளங்கை வெந்துவிட்டது. ரிலீஃப் வால்விலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாய் அது. அழுத்தம் எல்லை மீறினால் மட்டும்தான் அதில் எண்ணெய் வர வேண்டும். மற்ற நேரம் அது சும்மா கிடக்கும் குழாய். அது கொதிக்கிறது என்றால் எண்ணெய் நாளெல்லாம் அந்த வழியாகத்தான் பிதுங்கிக்கொண்டு ஓடுகிறது, பம்பின் பலமெல்லாம் சூடாகித் தொட்டிக்குள் விழுகிறது. ஏன்?

ஏன் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. போன கோடைக்குச் சற்று முன், கட்டு இறுக்கமாக வரவில்லை என்று பம்பின் அழுத்தத் திருகை அரைச் சுற்று முறுக்கியவர் அவர்தான். கூடவே வால்வு திறக்கும் அளவையும் அதற்கு மேலாக ஏற்றி வைத்திருக்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது, போய்விட்டார். போதிய அழுத்தம் ஏறியதும் பம்ப் தானே ஓய்வெடுக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்கு முன்பே வால்வு திறந்துகொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் தொட்டி ஆறிவிட்டது. வேகாத கையை வைத்து எண்ணினார். பத்து, இருபது, அறுபது. கை சுடவேயில்லை. சுட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

இன்றே தங்கை வீட்டில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், நாளைக் காலை மேனேஜரிடம் சொல்லி அந்தக் காகிதத்தைக் கிழிக்க வைத்து, மாப்பிள்ளையை மறுபடி பிரஸ்ஸில் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனார். மாப்பிள்ளை அப்போதுதான் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இவர் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

“போன மாசம் ஒரு இடத்துல பிரஸ் ஓட்டக் கூப்பிட்டாங்க, மச்சான். நான் போகல. வேற ஆளப் போட்டுட்டாங்க.”

ஏன் போகவில்லை என்று கேட்டார்.

“பயமா இருக்கு. ரெண்டு நாள் துடைக்காம விட்டேன், அவ்வளவு பெரிய மெஷின் படுத்துடுச்சு. இன்னொருத்தர் மெஷினையும் கெடுக்கணுமா?”

பிட்டர் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “மாப்ள, அது உங்க தப்பே இல்ல. பம்ப முறுக்கினது நான். வால்வ விட்டதும் நான். தெரியாம உங்க மேல எழுதிட்டேன்.”

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தான்.

“என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா? இத வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க மச்சான். குடும்பத்துல ஒருத்தன் வேல போய் வெளிய நிக்கிறது போதும்.”

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு என்ன மனசு என்று அவள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

‘இல்லை மாப்ள, வாங்க, காட்டுறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதற்கு முன்பே அவருக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது, வெட்கங்கெட்ட நிம்மதி. அதை விரட்ட அவருக்குத் தெம்பில்லை. தண்ணீரைக் குடித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

“கூலர்லதான் சார் அழுக்கு. நல்லாக் கழுவினேன்,” என்றார் பிட்டர்.

மேனேஜர் அதை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தார்.