எல்லைப் பாறையின் பாசி

அணைக்கட்டுப் பக்கத்தில் மீனாம்பாளுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. பாகம் பிரித்த காலத்தில் மாமனார் ஒரு பாறையில் சூலக்குறி வெட்டி, அதுதான் எல்லை, கிணறு மூத்தவனுக்கு என்று சொல்லியிருந்தார். மூத்தவன்தான் அவள் புருஷன். அவன் வைசூரியில் செத்த மறு வருஷமே, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த கொழுந்தன் தணிகைவேல் வந்து, கிணற்றுக்கு இந்தப் பக்கம், அவள் நிலத்துக்குள் இருந்த வேறொரு பாறையைக் காட்டினான். அதிலும் ஒரு சூலம்.

"இதான் அப்பா வெட்டினது அண்ணி. கிணறு என் பங்கு."

அளக்க வந்த சர்வேயர் கிருஷ்ணராஜ் இரண்டு பாறைகளையும் குனிந்து பார்த்தார். மீனாம்பாள் காட்டிய சூலத்தின் பள்ளத்துக்குள் மஞ்சளும் சாம்பலுமாகப் பாசி படர்ந்து, கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

"உள்ள இவ்ளோ பாசி புடிக்கணும்னா எத்தினி வருஷம் ஆவும்! அவரு காட்டின கல்லுல பாசிய வெட்டித்தான் புதுசா குறியே போட்டிருக்காங்க," என்று இருவர் முன்னாலும் சொன்னார். "திங்கக்கெழம ஆபீசரைக் கூட்டிட்டு வந்து காட்டிடறேன்."

மீனாம்பாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தணிகைவேல் அன்றைக்கே ஆம்பூர் பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை அவர்கள் போனபோது அவள் பாறை வெளுத்துக் கிடந்தது. ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. அடியில் புல் கருகியிருந்தது. பாசி இருந்த சுவடே இல்லை. சூலம் புதிதாக வெட்டியதுபோல் பளிச்சென்று தெரிந்தது.

"ரெண்டும் புதுசாத்தான் இருக்குது. சாட்சி யாரு?" என்றார் அதிகாரி.

தணிகைவேல் தன்னிடம் வேலை செய்யும் இரண்டு பேரை முன்னால் தள்ளினான். மீனாம்பாள் கிருஷ்ணராஜைப் பார்த்தாள்.

"சார், அன்னிக்கு இதுல பாசி..." என்று அவர் தொடங்கினார்.

"பாசி வந்து சாட்சி சொல்லுமாய்யா? அளவு சங்கிலியப் புடி."

அவர் பிடித்தார். கிணறு தணிகைவேலின் பக்கம் போயிற்று.

புறப்படும்போது அவர் அவளருகில் தயங்கி நின்றார். "நான் பார்த்தது நெசந்தாம்மா."

"அத அவன் காதுபடவா சொல்லணும்?" என்றாள் மீனாம்பாள். "உங்க நல்ல மனசு என் கிணத்த தின்னுடுச்சு."

மறுநாள் காலையில் குடத்தோடு போனாள். தணிகைவேல் ஏற்றத்தருகே பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"எடுத்துக்கோங்க அண்ணி. தண்ணிய யாரு வேணான்னாங்க?" என்று சிரித்தான்.

அவள் வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தாள்.