நட்சத்திரக் குறி

கமென் தோல் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க நாற்பத்தோரு பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தபோது, பல்கலைக்கழக ஆய்வாளர் நெவேனா எல்லாத் தாய்மாருக்கும் ஒரே வாக்கைத்தான் கொடுத்தாள். அதைக் கேட்டு வாங்கியவள் வெலிகா. ஈய ஆலையின் புகைபோக்கிக்கு நேர் கீழே அவள் வீடு. ஆறு வயது மகள் இஸ்க்ராவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"முன்னாடியும் வந்து ஊசி குத்திட்டுப் போனாங்க டாக்டரம்மா. அப்புறம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. என்ன ஆச்சுன்னு கேட்டா, ஏதோ பத்திரிகையில வந்திருக்காம், காசு கட்டினாத்தான் படிக்கலாமாம். நீங்களும் அந்த ரகந்தானா?"

"இல்லக்கா. இதை யார் வேணும்னாலும் போன்லயே திறந்து படிக்கலாம். அதுக்கான கட்டணத்தை எங்க பல்கலைக்கழகமே கட்டிடும். கடைசியில நம்ம பாஷையிலயே ரெண்டு பக்கம் எழுதறேன்."

"அக்டோபருக்குள்ள வந்துடணும். ஆலைக்கு இன்னும் அஞ்சு வருஷம் அனுமதி குடுக்கறதா வேணாமான்னு அப்பதான் நகரசபையில ஓட்டு."

"வந்துடும்க்கா."

பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. கட்டுரையை முதல் வரியிலிருந்து எழுதியவள் நெவேனாதான். ஆனால் அவள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதினாலும், இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர் என்ற நட்சத்திரக் குறி மூத்த பேராசிரியர் மாவ்ரோவ் பெயருக்குப் பக்கத்தில்தான் விழும்; இதழின் மெயில், படிவம் எல்லாம் அவருக்கே போகும். முப்பது வருட மரியாதை. ஓய்வு பெறப்போகிற மனிதர், கடைசிக் கட்டுரையில் மனசு நோகக் கூடாது என்று அவளே குறியைப் போட்டாள். போடச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. பின்னால் அவளை அதிகம் அரித்தது அதுதான்.

செப்டம்பரில் கட்டுரை வெளிவந்தது. போனில் திறந்தாள். முதல் பத்தி தெரிந்தது. அதற்குக் கீழே பூட்டின் படமும் ஒரு விலையும். அன்றைக்கே பேராசிரியரின் தோட்ட வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கரி.

"வா வா நெவேனா! வேலைய முடிச்சுட்டேன் பாத்தியா? கொள்ளைக்காரப் பசங்க! எல்லாருக்கும் திறந்து வெக்கணும்னா மூவாயிரம் யூரோ குடுங்கறான். பூட்டி வெச்சா ஒண்ணும் வேணாமாம். நானா ஏமாறுவேன்? ஒத்தக் காசு செலவில்லாம கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்!"

"சார்... கீழ இன்னொரு வரி இருந்திருக்குமே. பல்கலைக்கழகம் கட்டிடும்னு."

"யாரு, நம்ம பல்கலைக்கழகமா? எனக்கு ஒரு நாற்காலி மாத்திக் குடுக்க ஒம்பது வருஷம் ஆச்சு. இவங்களாவது கட்டறதாவது! சாப்பிடு, சூடா இருக்கு."

தோலுரித்து அவள் தட்டில் வைத்தார். அவள் சாப்பிட்டாள். வேறொருத்தியாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியிருப்பாள். இவளுக்கு அவ்வளவு மரியாதை, நாசமாய்ப் போன மரியாதை.

இதழ்களுக்குக் கட்டும் நிதியைப் பார்த்துக்கொள்பவள் பல்கலைக்கழக நூலகத்து ரூமியானா. மறுநாள் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த மெயில் உனக்கு வந்திருந்தா பத்து நிமிஷ வேலைடி! இப்ப அவர் உரிமையையே எழுதிக் குடுத்துட்டாரே." இரண்டு வாரம் இதழ்க்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அசைய மாட்டேங்கறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம தளத்துல போட்டுக்கலாமாம்."

"நிதி தீந்துபோச்சா?"

"எங்க தீந்துச்சு? கேக்க ஆள் இல்லாம பாதி அப்படியே கெடக்கு."

நெவேனா ஒரு பிரதியை வெலிகாவுக்கு அனுப்பி, அச்சடித்துக்கொள்ளச் சொன்னாள். நகரசபைக்கு அவளே போயிருக்கலாம். அன்றைக்குத் தேர்வு மேற்பார்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் வெலிகாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

நவம்பரில், பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இன்னும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அதே பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனாள். ஊசிகளையும் குழாய்களையும் மேசையில் பரப்பிவிட்டு உட்கார்ந்தாள். மதியம்வரை ஒரு பிள்ளையும் வரவில்லை. கடைசியில் வெலிகா மட்டும் வந்தாள்.

"நீங்க அனுப்பினதை எடுத்துட்டுத்தான் போனேன். நகரசபைத் தலைவர் வாங்கிப் பாத்துட்டு, இதை வீட்டுல யார் வேணும்னாலும் அடிக்கலாமே, அசல் பக்கத்தைத் திறந்து காட்டும்மான்னார். பெரிய திரையில போட்டாங்க. பூட்டு. காசு கேட்டுச்சு. ஆலைக்காரங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. யாருமே படிக்க முடியாததை நம்பி எப்படி ஓட்டுப் போடறதுன்னுட்டார். ஆலைக்கு அஞ்சு வருஷத்துக்கு அனுமதி குடுத்தாச்சு."

"என் தப்புதான்க்கா. அந்தக் குறியை நான்..."

"குறியோ என்னமோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. போன்ல திறக்கும்னீங்க."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நெவேனாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"பிள்ளைங்களை யாரும் கூட்டிட்டு வரமாட்டாங்களா?"

"நான்தான் வீடு வீடாப் போய் வேணாம்னு சொன்னேன்."

"அப்படிப் பண்ணாதீங்கக்கா. இஸ்க்ராவுக்கு மட்டுமாவது பாத்துடலாம்."

வெளியே, வாசல் கம்பியைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். வெலிகா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்து எங்க வெப்பீங்க? மறுபடியும் பூட்டுக்குள்ளயா?" என்று கேட்டாள்.

பிறகு போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலைப் பக்கமாக நடந்தாள்.