மோட்டார் கொட்டகையில் வந்த சூடு

என் கணவருக்குப் புகழ்வேந்தன் என்று பெயர் வைத்த மாமனாரைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேறு பெயர் வைத்திருந்தால் கரும்புண்டு, நெல்லுண்டு என்று இருந்திருப்பார்.

பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரி லேபில் அவருக்கு வேலை. அது போதாதென்று செலியமேட்டில் எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்த உர மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, மூன்று வருஷமாக ஒரு கண்ணாடி ஜாடியைக் காவல் காக்கிறார். ஜாடிக்குள் கனநீர், அதில் பல்லேடியம் கம்பி, கம்பிக்குக் கரண்ட். கொடுக்கிற கரண்டுக்கு மேல் சூடு வந்தால் உள்ளே அணுக்கள் சேருகின்றன என்று அர்த்தமாம். சூரியனில் நடப்பது செலியமேட்டில் நடக்குமாம்.

சங்கடம் என்னவென்றால், வரப்போகும் சூடு ஒன்றிரண்டு டிகிரிதான். வெளியே வெயில் ஏறினாலே அவ்வளவு ஏறிவிடும். அதற்காக, பூரணாங்குப்பம் மீன்காரம்மாவிடம் கெஞ்சி வாங்கிய தெர்மாகோல் பெட்டிக்குள் ஜாடியை வைத்து, சுற்றிலும் டியூபில் போர் தண்ணீரை ஓடவிட்டார். பெட்டி முப்பது டிகிரியிலேயே நிற்க வேண்டும். தண்ணீரைக் கூட்டிக் குறைத்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார், லீவு நாளானால் பகலில் அங்கேயே சாக்கை விரித்துத் தூங்குவார்.

இந்த மாசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பதினைந்து நாள் லீவு போடுங்கள், அதற்குள் சூடு வராவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும் என்றேன். தலையிலடித்துச் சத்தியம் செய்தார். பத்து நாள் ஒன்றுமில்லை. சாப்பிட வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டார். மறுநாளிலிருந்து நானே தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன்.

அந்தப் பதினோராம் நாள், ஜாடியின் சூட்டைக் குறித்துக்கொள்ளும் லேப்டாப்பில் கோடு இரண்டு டிகிரி ஏறியது. அடுத்த இரண்டு நாளும் ஏறியது. மனிதர் தனியாகச் சிரித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பதினான்காம் நாள் மதியம், புதுச்சேரியில் கல்லூரியில் பிசிக்ஸ் எடுக்கும் பிரியதர்ஷினி மேடத்தை வரவழைத்தார். நான் தூக்கோடு போனபோது மேடம் லேப்டாப் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு ஏறி, இரண்டு மணிக்கு இறங்குகிறதே, அந்த நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒன்றும் நடக்காது, நான் தூங்குவேன் என்றார் இவர்.

நான் கையிலிருந்த தூக்கைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால் நான் வரும் நேரம். தூங்குகிறவரை எழுப்ப மனசு வராது. தரையில் வைத்தால் எறும்பு. கையெட்டும் தூரத்தில் மூடியோடு பெட்டி இருக்கும்போது வேறெங்கே வைப்பேன்? ஜாடி பக்கத்தில் தூக்கை வைத்து மூடிவிட்டு, வரப்பில் புல் அறுக்கப் போவேன். இரண்டு மணிக்கு அவர் எழுந்து தொட்டியில் முகம் கழுவும்போது எடுத்து வெளியே வைப்பேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். பிறகு ஒரு நாள் ஊரே சிரித்திருக்கும்.

"அது என் சாம்பாருங்க மேடம்" என்றேன்.

தூக்கை உயர்த்திக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூன்று நாளில் நடுநாள் மட்டும் ஏன் குறைவாக ஏறியிருக்கிறது என்று கேட்டார். அன்று ரசம், தூக்கில் பாதிகூட இல்லை என்றேன். அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற பெட்டி நல்ல பெட்டிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் சிரிக்கவில்லை. ஒரு நாள் பாக்கி இருந்தும் கம்பிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தார். ஜெயித்தது நான்தான். ஆனால் அழுகை வந்தது. நாளைக்கும் ஓட்டிப் பாருங்கள், நான் தூக்கை மரத்தில் மாட்டிவிடுகிறேன் என்றேன்.

"அது இல்ல மஞ்சு. மூணு வருஷமா சூடு எங்கேந்து வரும்னு தேடிக்கினு கீறேன். ரெண்டு மணிக்கு என் சோறு எப்டி சூடா இருந்திச்சின்னு ஒரு நாள்கூட கேக்கலியே."

நான் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு தூக்கைத் திறந்தேன்.

"இப்ப கேட்டுட்டீங்க இல்ல. வாங்க, ஆறிடப்போவுது."