அண்ணன் பேசாத வரி

"இது உங்கண்ணன் பேசினதுதானே?" என் நோட்டை விரித்துக் காட்டி இன்ஸ்பெக்டர் கேட்டார். துண்டுப் பிரசுரம் தேடி வந்தவர்கள் என் துணிப்பெட்டிக்கு அடியிலிருந்த பதினோரு நோட்டுகளையும் எடுத்திருந்தார்கள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். தலையை ஆட்டினேனா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆட்டியதாக எழுதிக்கொண்டார்கள்.

அண்ணன் நூல் மில்லில் சங்கச் செயலாளர். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் எண்ணெய் டிரம்மீது ஏறிப் பேசுவான். நான் மதிலோரம் நின்று கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் அவன் பெயரும் தேதியும் போட்டு எழுதிவைப்பேன். ஒருநாள் கழிப்பறைக்குக் கதவு, ஓவர்டைம் கூலி என்று பேசி, இருமி, இறங்கிவிட்டான். பேச்சு மொட்டையாக நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. முடிவை நானே எழுதினேன்: 'இந்த அரசு நம் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து தோளைக் குலுக்கினால் போதும், கீழே கிடக்கும்.'

அந்த வரிக்குத்தான் அண்ணன்மேல் தேசத்துரோக வழக்கு.

"அவர் அதைப் பேசலன்னு நீ கோர்ட்டுல சொல்லிடு. வழக்கு நிக்காது" என்றார் அண்ணனுக்காக வாதாடும் வக்கீலம்மா.

"என்னைப் பிடிச்சுப்பாங்களா?"

"எதுக்கு? நீயே எழுதி நீயே படிச்சுக்கிட்டா குத்தமில்லம்மா. யார் காதுலயும் விழலயே."

ஆறுதலாகத்தான் சொன்னார். யார் காதிலும் விழவில்லை என்றது மட்டும் வீடு வரும்வரை என்னை உறுத்தியது.

சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் இளைத்திருந்தான். முகத்தில் மட்டும் புதுக் களை.

"வாடி ஊமைக்கோட்டான். அம்மா ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"ம்."

"அந்த வரி பேப்பர்ல வந்துச்சாமே! மில் சுவர் பூரா அதான் எழுதியிருக்காம். இங்க வார்டர்கூட என்னைப் பாத்தா தோளைக் குலுக்கிட்டுச் சிரிக்கிறான்."

"அது நான் எழுதினதுண்ணா."

"மெதுவாப் பேசு." சுற்றிலும் பார்த்தான்.

"நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிட்டா உன்னை விட்டுடுவாங்களாம்."

"விட்டா? கக்கூஸ் கதவுக்குக் கத்தினவன்னு பேர் வாங்கிட்டு வெளிய வரவா? மூணு வருஷமாத் தொண்டை கிழியப் பேசினேன். ஒருத்தனுக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்ல. இப்பத்தான்டி..." முடிக்காமல் வலையைப் பிடித்துக்கொண்டான்.

"பத்து வருஷம் போட்டுட்டா?"

"போடட்டும். நீ வாயைத் திறக்காத. உனக்கென்ன, அது புதுசா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ வீட்டுக்கு வரணும்" என்றேன். பிறகு, யாரோ தள்ளிவிட்டதுபோல, "அந்த வரியும் என்னோடது. நான் சொல்லத்தான் போறேன்."

என் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வலைகளில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அண்ணன் வலையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். பார்வை நேரம் இன்னும் பாதி இருந்தது. எழுந்தான். வார்டர் கூப்பிடும் முன்பே உள்ளே நடந்துபோனான்.