ஒட்டிய காது

தம்பி இறந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர், அவருடைய தங்கை, தங்கையின் கணவரான தையல்காரர், ஊசி போட வந்திருந்த நர்ஸ். வேறு யாரும் இல்லை. பிறகு பலர் தாங்களும் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் நின்றிருந்தால் அறையில் கட்டிலுக்கு இடம் இருந்திருக்காது.

பிற்பகல் மூன்று நாற்பது. முப்பத்திரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மூத்தவர்தான் நேரத்தைப் பார்த்தார். தம்பியின் கையில் இருந்த பொம்மையை எடுக்கப் போனவரும் அவரே. அது வரவில்லை. பசை காய்ந்து கட்டைவிரலோடு பிடித்திருந்தது. நர்ஸ் பஞ்சை வெந்நீரில் நனைத்துக் கொடுத்தாள். மூத்தவர் குனிந்து, நகக்கண்ணைச் சுற்றி மெதுவாகத் துடைத்துத் துடைத்து விரலைப் பிரித்தார்.

முழ உயரப் பிளாஸ்டர் உருவம். தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கும் இளைஞன். இருபது வருடமாகக் கூடத்து அலமாரியில் இருந்தது. தங்கைக்கு அது நல்ல ஆயன், ஆடு மேய்க்கும் இயேசு; தினமும் அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நிற்பாள். போன ஞாயிறு தூசி தட்டும்போது அவள் கை பட்டு ஆட்டுக்குட்டியின் காது உடைந்தது. எழுந்து உட்கார முடியாத நிலையிலும் தம்பி அதைக் கேட்டு வாங்கி, மார்பில் வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

அதுதான் அவன் தொழில். அருங்காட்சியகத்தில் உடைந்த சிலைகளை ஒட்டுவான், நகல் எடுப்பான். வீட்டில் அவனுக்குப் பெயரே பசை. ஒவ்வொரு துண்டிலும் நூல் கட்டி, அது எது, எந்தக் காலத்தது, யார் ஒட்டியது என்று சீட்டு எழுதித் தொங்கவிடுவான். ஒட்டிய இடத்துக்கு மட்டும் சாயம் பூச மாட்டான். கிட்டே வந்து பார்ப்பவனுக்கு ஒட்டு தெரிய வேண்டும், தெரியாமல் ஒட்டினால் அது பொய் என்பான்.

சிலைகளோடு இருந்து இருந்து அவனுக்கு வேறு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் ஆரம்பிப்பான். எகிப்தில் ஐசிஸ் என்ற தாய் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள், நம் மாதா மாதிரியே. அவள் கணவன் ஒசிரிஸ் செத்து மறுபடி எழுந்தான். பழைய ரோமில் மித்ராஸ் என்ற சாமியின் ஆட்கள் ரகசியமாகக் கூடி அப்பம் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அவன் ஐசிஸ் என்று வாயைத் திறந்ததுமே மூத்தவர் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்துவார். ஊர் மாதா கோயில் தாத்தா கல் சுமந்து கட்டியது. முதல் வரிசை பெஞ்சு மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பத்துடையது. ஜன்னலைச் சாத்தியும் விஷயம் வெளியே போனது. பதினோரு வருடமாகத் தம்பி பூசைக்கும் போகவில்லை. நம்பிக்கை இல்லாதவனைக் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று கோயில் கமிட்டியில் இரண்டு பேர் முன்பே ஃபாதர் காதில் போட்டிருந்தார்கள். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குத்தான் இடம் மிச்சம். தம்பிக்கு அது கிடைக்குமா என்பதே அந்த வீட்டில் ஒரு மாதமாக யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

விரல் விடுபட்டதும் மூத்தவர் பொம்மையைத் திருப்பினார். அடியில் நூல், சீட்டு, தம்பியின் பொடி எழுத்து. "ஆட்டுக்குட்டி சுமப்பவன். கிரேக்கம். இயேசுவுக்கு ஐந்நூறு வருடம் முந்தியது. நகல் என் வேலை." அதற்குக் கீழே புது மையில், "இடது காது ஒட்டியது."

இருபது வருடமாக அந்த வீட்டில் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஃபாதர் ஐந்து மணிக்கு வந்தார். இளவயதுக்காரர். முடிவு சொல்லத் தயங்கிக்கொண்டே படியேறியவர், கட்டில் பக்கத்தில் இருந்த உருவத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தார்.

"நல்ல ஆயனைக் கையில பிடிச்சுக்கிட்டே போயிருக்காரு. இனிமே யார் என்ன சொல்ல முடியும்? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வச்சிக்கலாம்."

தங்கை விம்மினாள். தையல்காரர் அவள் தோளைத் தட்டினார். ஃபாதர் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை மூத்தவர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பழுத்துப்போன பிளாஸ்டரில் ஒட்டு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஃபாதர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைத் திறக்கும்போது பின்னாலேயே போனார்.

"ஃபாதர், அது இயேசு இல்ல."

நூலோடு கழற்றிக் கொண்டுவந்த சீட்டைப் பிரித்துக் காட்டினார். ஃபாதர் படித்தார், இன்னொரு முறையும் படித்தார்.

"அவருக்குத் தெரிஞ்சேதான் வச்சிருந்தாரா?"

"அவன்தானே செஞ்சான்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது. ஆனா எங்க அப்பா பக்கத்துல படுக்கப் போறான். ஏமாத்தி அங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்க என்னால முடியாது."

ஃபாதர் கேட்டின் கொண்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். "கோயில் வேண்டாம்னு எப்பவாவது சொன்னாரா?"

"சொல்லல. வேணும்னும் சொல்லல. இதெல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். நான் ஜன்னலைச் சாத்துவேன்."

"ஆதிக் கிறிஸ்தவங்களும் கல்லறைச் சுவர்ல இதே உருவத்தைத்தான் வரைஞ்சாங்க. பழைய ஆயனையே எடுத்து நம்ம ஆயனாக்கிக்கிட்டாங்க. செமினரில பரீட்சைக்குப் படிச்சேன், அதோட மறந்துட்டேன்." சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பத்து மணின்னு சொன்னேன். பத்து மணிதான். கமிட்டிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

உள்ளே வந்து மூத்தவர் தங்கையிடமும் சொன்னார். அவள் அலமாரியின் காலியிடத்தைப் பார்த்தாள்.

"அப்போ இருபது வருஷமா நான் யாருகிட்டண்ணா வேண்டிக்கிட்டேன்?"

தையல்காரர்தான் கேட்டார்.

"நம்ம பெரிய பையனுக்கு வேலை கேட்டியே, கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்புறம் என்ன? விடு."

மறுநாள் பத்து மணிக்கு அடக்கம் நடந்தது. கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள், பின்னால் நின்றார்கள். வீடு திரும்பியதும் மூத்தவர் கூடத்து ஜன்னல்களைத் திறந்து வைத்தார். தங்கை பொம்மையைப் பழைய இடத்தில் வைத்தாள். சீட்டை அவள் ஒளிக்கவில்லை, மறுபடி நூலில் கட்டினாள். முன்னால் தொங்கும்படி இழுத்துவிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

கடைசி மூச்சில் அவன் மனம் திரும்பினான், "ஆண்டவரே" என்று சொல்லி நல்ல ஆயனைக் கட்டிக்கொண்டான் என்று இப்போது கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். குடும்பத்துக்கு அது நல்ல பெயர்தான். ஆனால் அது உண்மையில்லை. அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அவன் கையில் இருந்தது ஆட்டுக்குட்டி சுமப்பவன். தங்கை தலையணையைச் சரிசெய்யப் போனபோது அவன் கடைசியாகச் சொன்னது, "ஆட்டாதே, இன்னும் காயல."